வேலிக்கு அந்தப் பக்கத்துப் பன்றிகள்

அந்த வருஷம் எர்வின் ஹ்ருஷ்கா இரண்டு தடவை மக்காச்சோளம் விதைத்தான். இரண்டையும் பன்றிகள் தின்றன.

கதிர் பிடித்த பிறகு தின்றாலாவது பயிரைக் கண்ணால் பார்த்த திருப்தி மிஞ்சும். இவை விதையையே தின்றன. விதைப்பு இயந்திரம் போன சால் தடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்கு மூக்கைத் தூக்காமல் மண்ணைக் கிளறிக்கொண்டே போகும். விடிந்து போய்ப் பார்த்தால் வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை யாரோ கத்தியால் கீறிவிட்ட மாதிரி இருக்கும். பிராசஸ் ஆற்றங்கரைக் கரிசல் அது. மழை பெய்தால் காலில் போட்ட பூட்ஸை உருவிக்கொள்கிற மண். பன்றி மூக்குக்கு வெண்ணெய்.

அவை பகலில் எங்கே படுக்கின்றன என்பதும் ஊருக்கே தெரியும். எர்வினின் வயல் முடிகிற இடத்தில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓடையும், ஓடையை ஒட்டி அவன் அக்கா பெர்னிஸின் காடும். பீக்கன் கொட்டை மரமும் முட்புதருமாக ஆள் நுழையாத காடு. அந்த வேலியின் ஒவ்வொரு கம்பத்திலும் பெர்னிஸ் ஊதா பெயின்ட் அடித்து வைத்திருந்தாள். எங்கள் பக்கம் உள்ளே வரக் கூடாது என்று போர்டு எழுதி மாட்ட வேண்டியதில்லை, அந்த ஊதாவே போதும். தாண்டிக் கால் வைத்தால் ஷெரீப் வந்து விசாரிப்பார்.

அவள் பெயின்ட் அடித்தது பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு.

புருஷன் எமில் சின்ன வயதிலேயே செத்துப்போனான். மகன் டிராவிஸ் ஒருத்தன்தான் அவளுக்கு. மாமன் வயலில் பன்றி இறங்கிவிட்டது என்று எர்வின் போன் பண்ணினால் அவன் போட்டது போட்டபடி வந்துவிடுவான். அப்படி வந்த ஒரு சாயங்காலம், கூட்டத்தைத் துரத்திக்கொண்டு நாலு சக்கர பைக்கில் புல்வெளியில் பாய்ந்தான். பன்றிகள் கிளறிப்போட்ட பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி வண்டி குப்புறக் கவிழ்ந்தது. அடியில் சிக்கிக்கொண்டான். எர்வின் மட்டும்தான் கூட இருந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கல்லறையில் எர்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அக்காவிடம் போனான். என்னவோ சொல்ல வாயைத் திறந்தான்.

"ஒண்ணும் சொல்லாத. ஒரு வார்த்தை சொல்லாத" என்றாள் பெர்னிஸ்.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. மாதா கோயிலுக்குப் பூசைக்கு வந்தால் அவள் இந்தப் பக்கம் உட்காருவாள், அவன் அந்தப் பக்கம். எர்வின் அன்றைக்கு அலமாரியில் வைத்த துப்பாக்கியை அப்புறம் எடுக்கவே இல்லை. பன்றிகளுக்கு அது வசதியாகப் போயிற்று.

எனக்கு ஊரில் தீவனக் கடை. இரண்டாவது விதைப்பும் அழிந்த வாரம் எர்வின் கடைக்கு வந்து கவுன்டரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். என்ன வாங்க வந்தோம் என்பது அவனுக்கு மறந்துபோயிருந்தது. டுவேன் மட்டூலா நாய்களுக்குத் தீனி மூட்டை எடுக்க வந்திருந்தான். பன்றி வேட்டைக்கென்றே நாய் வளர்க்கிறவன்.

"எர்வின், நான் ஒண்ணு சொல்றேன் கேளு" என்றான் டுவேன். "வர்ற ஞாயித்துக்கிழமை உங்கக்கா கோயில்ல இருக்கும். என் நாய்ங்கள ஓடைப் பக்கமா அவுத்து விடறேன். பூசை முடியறதுக்குள்ள வேலையும் முடிஞ்சுரும். அதுக்கு எங்க தெரியப்போவுது?"

"வேண்டாம்ப்பா."

"உன் பயிரத் தின்னுட்டுப் போய் அங்க படுத்துக்குதுங்க. நீ வேலியோரமா நின்னு வேடிக்கை பாக்கறியா? ஆம்பளையாய்யா நீ?"

எர்வினுக்குக் கோபம் வரவில்லை. கவுன்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"உன் நாய்ல ஒண்ணு அங்க குத்துப்பட்டுக் கிடந்து கத்தும் டுவேன். அப்ப நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு எங்கக்காகிட்ட போயி கதவத் தொறன்னு கேப்பேன்? அவ ஒரு கோடு போட்டிருக்கா. அது இருக்கட்டும்."

"அப்பன்னா உன் பக்கம் நின்னே சுடு. உன் நிலம், உன் துப்பாக்கி. பன்றியச் சுட இந்த ஊர்ல எவன் கேள்வி கேக்கறான்?"

எர்வின் கவுன்டரிலிருந்து கையை எடுத்தான். விதை மூட்டை அடுக்கியிருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டான்.

"செத்த பையனோட இவனும் செத்துட்டான்" என்றான் டுவேன்.

"வாயக் கழுவு" என்றேன் நான்.

அன்றைக்கே பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டி முடித்து நிறுத்திவிட்டு டார்லீன் வந்தாள். எர்வினின் மனைவி. ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் அவள் பஸ்ஸில்தான் போய் வருகிறார்கள். மூட்டையின் மேல் உட்கார்ந்து பூட்ஸில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"தூங்கறதே இல்ல லியோன். பிக்கப் வண்டிய வயலோரமா நிறுத்திக்கிட்டு ஹாரன் அடிச்சு வெரட்டறான். அதுங்களுக்கு ஹாரன் பழகிப்போச்சு. தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி தின்னுதுங்க. நேத்திக்கு நூடுல்ஸ் சூப்பு கிண்ணத்த முன்னால வெச்சுக்கிட்டு, நிலத்த யாருக்காவது விட்டுட்டு எங்கயாவது போயிரலாம் டார்லீன்னு சொல்றான். எங்க போறது? அவங்க அப்பா உழுத நிலம். இவன் வேற எங்க போயி மூச்சு விடுவான்?"

அவள் அழுகிற பேர்வழி இல்லை. அன்றைக்கு அழுதாள். நான் செலோ இபார்ராவின் நம்பரைக் கொடுத்தேன்.

செலோ பன்றி பிடிக்கிறதையே தொழிலாக வைத்திருக்கிறவள். தோளைத் தொடுகிற வெள்ளித் தோடு, கையில் எந்நேரமும் முழங்கைவரை ரப்பர் உறை. பன்றி ரத்தம் மேலே பட்டால் காய்ச்சல் வரும் என்று உறையைக் கழற்றவே மாட்டாள். காபி குடிக்கும்போது மட்டும் கழற்றுவாள். எர்வினின் வயலைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வேலியோரம் வந்து நின்றாள். நானும் டார்லீனும் கூட இருந்தோம்.

"மிஸ்டர் எர்வின், இந்தப் பக்கம் பொறி வெச்சா வேலைக்காகாது" என்றாள். "உங்க வயல்ல மேசை போட்டு சாப்பாடு வெச்சிருக்கீங்க. மேசைய விட்டுட்டு என் பொறிக்குள்ள எதுக்கு வரும்? அதுங்க படுக்கையிலருந்து எழுந்து, பசியோட முதல்ல கால் வைக்கற இடம் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடைக்கரை. பொறி அங்கதான் நிக்கணும்."

"அங்க முடியாது."

"நிலத்துக்காரம்மா வாயால சரின்னு சொல்லாம நான் ஒரு கம்பிய இறக்க மாட்டேன். அது எனக்கும் தெரியும். கேட்டுப் பாத்தீங்களா?"

எர்வின் ஓடைப் பக்கம் பார்த்தான். "நீங்க பாத்து ரெண்டு மூணு பன்றியப் பிடிச்சுத் தந்தாப் போதும். மீதி பயந்து ஓடிரும்."

செலோ சிரித்தாள். "அப்படிப் பண்ணாதான் கெட்டுது. ரெண்டப் பிடிச்சா மீதிக்குப் படிப்பு சொல்லிக்குடுத்த மாதிரி. அப்புறம் ஜென்மத்துக்கும் பொறிப் பக்கம் வராது. அதுங்க ஒரு குடும்பம். பிடிச்சா மொத்தமாப் பிடிக்கணும். கிழவியிலருந்து பால்குடிவரைக்கும்."

மொத்தமாக என்ற வார்த்தையில் அவளுக்கே என்னவோ பட்டிருக்க வேண்டும். உறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பெர்னிஸிடம் போய்க் கேட்பது டார்லீன் தலையில் விழுந்தது. தனியாகப் போக அவளுக்குத் துணிச்சல் இல்லை. கோழித் தீவனம் இறக்க நான் போகிற அன்றைக்கு என் வண்டியில் ஏறிக்கொண்டாள். மடியில் ஒரு தட்டு, அதன் மேல் துணி. கசகசா வைத்துச் சுட்ட கோலாச்சி ரொட்டி. வழி முழுக்க அந்தத் துணியைச் சரிசெய்துகொண்டே வந்தாள்.

பெர்னிஸ் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுப் பட்டியில் இருந்தாள். அறுபதைத் தாண்டியவள், எமிலின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள். காலடியில் ஒரு தாய் ஆடு நின்று கத்திக்கொண்டிருந்தது. மடி கனத்துப் பால் சொட்டியது. பட்டியின் ஒரு மூலையில் பன்றிகள் கம்பி வலையைத் தூக்கி மண்ணைத் தோண்டியிருந்தன. குட்டிகளைக் காணோம். ஒரே ஒரு காலும் கொஞ்சம் தோலும் கிடந்தன.

டார்லீன் தட்டோடு நின்றாள்.

"எப்ப அண்ணி?"

"விடியக்காலம்." பெர்னிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெட்டைக் குட்டி. நக்கி முடிக்கல இவ. அதுக்குள்ள." தாய் ஆட்டின் முகத்தைக் கையால் திருப்பிவிட்டாள். அது மறுபடி அந்த மூலையைப் பார்த்துக் கத்தியது. "காலையிலருந்து கத்துறா. பாலைக் கறந்து விட்டாலாவது நோவு குறையும்னு பாக்கறேன், நிக்கமாட்டேங்கறா."

டார்லீன் தட்டை ஒரு கம்பத்தின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய் ஆட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். பெர்னிஸ் குந்தி உட்கார்ந்து பாலை மண்ணிலேயே கறந்தாள். 

"அவன்தான் அனுப்பினானா?" என்றாள் பெர்னிஸ்.

"இல்ல அண்ணி. நான் வந்தது அவனுக்குத் தெரியாது."

"பொய் சொல்லாத."

"தெரியாது. தெரிஞ்சா விட்டிருக்க மாட்டான்." டார்லீன் ஆட்டின் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். பொறி, செலோ, ஓடைக்கரை எல்லாம் சொன்னாள். கடைசியில், "ரெண்டு விதைப்பும் போச்சு. நிலத்த விட்டுட்டுப் போயிரலாம்கறான்" என்றாள்.

"எங்க?"

"அது அவனுக்கே தெரியல."

பெர்னிஸ் எழுந்து கோட்டில் கையைத் துடைத்தாள். "பன்றின்னு சொல்லி நம்ம ஆம்பளைங்க விளையாடினது போதும். நாயி, துப்பாக்கி, பைக்கு, பீர் டின்னு. என் காட்டுல ஒரு துப்பாக்கிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுதான் பெயின்ட் அடிச்சேன். அந்தச் சத்தம் எனக்கு ஆகறதில்ல. சாயங்காலமாச்சுன்னா எங்கயோ ஒண்ணு கேக்கும், அன்னிக்கு முழுக்க நான் சோறு திங்க மாட்டேன்."

"சுடமாட்டாங்க. பிடிக்கறதுதான்."

"பிடிச்சு?"

நான் குறுக்கே வந்தேன். "ட்ரெய்லர்ல ஏத்திக் கொண்டுபோயிரலாம் பெர்னிஸ். உயிரோட வேற காட்டுல கொண்டுபோய் விடறதுதான் சட்டப்படி குத்தம். லைசென்ஸ் வாங்கின பன்றிக் கொட்டில் ஒண்ணு இருக்கு, அங்க எடுத்துக்குவாங்க. செலோவுக்குப் பழக்கம்."

ஆடு மறுபடி கத்தியது. பெர்னிஸ் கம்பத்தின் மேல் இருந்த தட்டை அப்போதுதான் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணு வரட்டும். வேற யாரும் வரக் கூடாது. சத்தம் கேக்கக் கூடாது. அவன் வேலியத் தாண்டக் கூடாது."

தட்டை உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்திக்கொண்டாள். டார்லீன் திரும்பி வரும் வழி முழுக்க வெறும் மடியில் கையைக் கோத்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போது, "வாங்கிக்கிட்டாங்க லியோன்" என்றாள்.

செலோ ஓடைக்கரையில் கம்பிப் பலகைகளை நிறுத்தி வட்டமாகக் கட்டினாள். மூலை இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குதித்துவிடும், அதனால் மூலையே வைக்கக் கூடாது என்றாள். மேலே தூக்கி நிறுத்திய இரும்புக் கதவு. மரத்தில் ஒரு கேமரா. அதில் தெரிவது அவள் போனில் தெரியும், போனிலேயே கதவை விழவைக்கலாம். ஆனால் அவசரப்படக் கூடாது. முதலில் பல நாள் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே சோளத்தைப் போட்டுப் பழக்க வேண்டும்.

அந்தச் சோளம் எர்வின் வேலை. பீப்பாயில் மக்காச்சோளத்தை ஊறப்போட்டு, ஈஸ்டும் கொஞ்சம் பழச்சாறும் ஊற்றி மூடி வைப்பான். புளித்து நுரைத்து நாலு வயல் தூரத்துக்கு நாறும். காலையில் வாளியில் மொண்டு வேலிவரை தூக்கிவந்து, ஊதாக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று வேலிக்கு மேலாக செலோவிடம் கொடுப்பான்.

செலோவுக்கு வேறு ஊர்களிலும் பொறி இருந்தது. ஒருநாள் அவளால் வர முடியவில்லை. வேலியருகே வாளியோடு நின்ற எர்வின், அந்தப் பக்கத்திலிருந்து எமிலின் கோட்டு வருவதைப் பார்த்தான். பெர்னிஸ். நான் அன்றைக்குச் சோள மூட்டை இறக்க வந்திருந்தேன். எர்வின் வாளியை வேலிக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அவள் வாங்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பிக் கொஞ்ச தூரம் போனவள் நின்று வாளியை முகர்ந்தாள்.

"புளிப்பு பத்தல" என்றாள், யாரிடமும் இல்லாத மாதிரி.

"வாடைக்காத்து அடிச்சுதில்ல, பீப்பா சூடேறல" என்றான் எர்வின்.

அவள் போய்விட்டாள். எர்வின் வெறுங்கையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுநாள் பீப்பாய்க்குப் பழைய போர்வையைச் சுற்றிவைத்தான்.

பிறகு தினமும் பெர்னிஸே வந்து வாங்கினாள். பேச்சு அவ்வளவுதான் இருந்தது. "நேத்து எல்லாத்தையும் தின்னுருக்கு." "சரி." "நாளைக்கு ரெண்டு வாளி." "சரிக்கா." அந்த அக்கா என்ற சொல்லை அவன் எத்தனை வருஷம் கழித்துச் சொன்னான் என்று எனக்குத் தோன்றியது. அவள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கேமராவில் வருகிற படங்களை டார்லீன் போனில் வாங்கி, பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பெர்னிஸிடம் கொண்டுபோய்க் காட்டுவாள். எல்லாம் உள்ளே போய்த் தின்றன. ஒரு கிழப் பெட்டைப் பன்றி மட்டும் வாசலோடு நின்றது. காது கிழிந்திருந்தது. பழைய குண்டடிபோல. மற்றவை தின்றுகொண்டிருக்க, அது வெளியே நின்று இருட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இவ இல்லாம கதவ விழவிட மாட்டேன்" என்றாள் செலோ. "இவதான் தலைவி. இவ வெளிய நின்னா அடுத்த வருஷம் இன்னொரு கூட்டம் ரெடி."

"ரொம்ப அடிபட்டவ" என்றாள் பெர்னிஸ், படத்தைப் பார்த்துக்கொண்டே. "எப்படி நம்புவா?"

செலோ கதவுக்கு வெளியிலிருந்து உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகச் சோளத்தை இறைத்து வழி போட்டாள். ஒருநாள் முன்கால் உள்ளே வந்தது. இன்னொரு நாள் பாதி உடம்பு. ஊரில் எல்லோரும் பருத்தி விதைக்க ஆரம்பித்திருந்தார்கள். மக்காச்சோளத்துக்குப் பருவம் தாண்டிவிட்டது என்று எர்வினுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தான். வாளியை மட்டும் நேரம் தவறாமல் கொண்டுவந்தான்.

ஒரு காலையில் செலோ கடைக்குப் போன் பண்ணினாள். "லியோன், கிழவி உள்ள. எல்லாரும் உள்ள. ட்ரெய்லரோட வர்றேன், ஓர் ஆள் வேணும். பெர்னிஸம்மாகிட்ட கேட்டுட்டேன், நீங்க வரலாமாம்."

நான் போனபோது வாடைக்காற்று ஓடையின் மேல் வீசிக்கொண்டிருந்தது. பொறிக்குள்ளே கரிய முதுகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. கம்பியில் மோதுகிற சத்தம் மார்புக்குள் கேட்டது. குட்டிகள் வரிவரியான முதுகோடு தாய்க் காலுக்கடியில் கீச்சிட்டன. பெர்னிஸ் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் எர்வினும் டார்லீனும்.

ட்ரெய்லரைப் பின்னால் தள்ளிக்கொண்டுவந்து கம்பிச் சந்து ஒன்றால் பொறியோடு இணைத்தோம். நான் ட்ரெய்லர்க் கதவைப் பிடித்துக்கொண்டேன். செலோ பலகையைத் தட்டித் தட்டி ஒவ்வொன்றாக ஓட்டினாள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், "போங்கடி, போங்க, ஏறுங்க" என்று பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுகிற மாதிரி. குட்டிகள் ஏறின. பெட்டைகள் ஏறின. கிழவி மட்டும் ஏறவில்லை. மற்றவை போய் இடம் காலியானதும் பின்னால் ஓடிப்போய், முழு வேகத்தில் வந்து பலகையில் மோதியது. பலகைக்குக் கீழே முன்கால் போய் மாட்டிக்கொள்ள, உடம்பு மட்டும் சுழன்றது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதே மோதலில் பலகை எகிறிச் செலோவின் கைமேல் விழுந்தது.

செலோ கையைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். பன்றி எழுந்திருக்கப் பார்த்தது, விழுந்தது. கால் தோலில் தொங்கியது. மறுபடி எழுந்தது, விழுந்தது. ட்ரெய்லருக்குள்ளிருந்து குட்டிகள் கத்தின. அது கத்தவில்லை. மூச்சு மட்டும் புஸ்ஸென்று வந்தது.

செலோ நிமிர்ந்தாள். வீங்க ஆரம்பித்த கையோடு பெர்னிஸைப் பார்த்தாள்.

"பெர்னிஸம்மா, இத ஏத்த முடியாது. திறந்து விடவும் சட்டம் இல்ல. திறந்துவிட்டாலும் ஓடையில போயி நாள் கணக்கா சாகும். என் வண்டியில ரைஃபிள் இருக்கு. என் கை வேல செய்யல. நீங்க சொல்லாம நான் தொடமாட்டேன்."

பெர்னிஸ் பன்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது தரம் எழுந்தது. ட்ரெய்லர் இருந்த பக்கம் திரும்பி ஓரடி வைத்து, விழுந்தது.

"எர்வின்" என்றாள்.

காற்றில் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது. அவன் அசையாமல் நின்றான்.

"எர்வின், இங்க வாடா."

டார்லீன் கம்பியை அழுத்திப் பிடித்தாள், அவன் காலைத் தூக்கி வைத்துத் தாண்டினான். வயதான ஆள் மாதிரி தாண்டினான். செலோ வண்டியிலிருந்து ரைஃபிளை இடது கையால் எடுத்துவந்து நீட்டினாள். அவன் அதை வாங்கவில்லை. அக்காவைப் பார்த்தான்.

"உனக்குச் சத்தம் ஆகாதேக்கா."

"அது தவிக்குது. முடிச்சு வை."

"வீட்டுக்குப் போறியா நீ? நான் அப்புறம்..."

"நிக்கறேன்."

அவன் வாங்கினான்.  பலகையின் மேல் குழலை ஊன்றிக்கொண்டான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரே ஒரு வெடி. ஓடையில் இருந்த கொக்குகள் எழுந்து போயின. பன்றி அப்படியே தலையைச் சாய்த்தது. பெர்னிஸ் உடம்பு ஒரு தரம் குலுங்கியது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

எர்வின் ரைஃபிளிலிருந்து குண்டை நீக்கிச் செலோவிடம் கொடுத்தான். டார்லீன் தானும் வேலியைத் தாண்டி வந்து, செலோவைப் பெர்னிஸ் வீட்டுப் பக்கம் கூட்டிப்போனாள், கையில் ஐஸ் வைக்க. நான் ட்ரெய்லர்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால்தான் நடந்தது எனக்குத் தெரியும்.

அக்காவும் தம்பியும் செத்த பன்றியின் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"இப்ப சொல்லு" என்றாள் பெர்னிஸ்.

"என்னக்கா?"

"அன்னிக்குக் கல்லறையில சொல்ல வந்தியே. உடனே உயிர் போயிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு. என்னைத் தேத்தறதுக்குச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். உடனே போயிருச்சா?"

எர்வின் தொப்பியைக் கழற்றினான். "இல்ல."

"வலிச்சுதா அவனுக்கு?"

"வலி இல்லேன்னுதான் சொன்னான். கால் இருக்கறதே தெரியல மாமான்னான். நான் வண்டியத் தூக்கப் பாத்தேன்க்கா. முடியல. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டு அவன் தலைய மடியில வெச்சுக்கிட்டேன். அவனுக்குச் சாகப்போறோம்னே தெரியாது. சிரிச்சான். எத்தனை பன்றி தப்பிச்சுதுன்னு கேட்டான்."

"அப்புறம்?"

"வேண்டாம்க்கா."

"சொல்லுடா."

எர்வின் தொப்பியின் விளிம்பைத் திருப்பிக்கொண்டே சொன்னான். "அம்மாகிட்ட சொல்லிராதீங்க மாமான்னான். ஹெல்மெட்ட பிக்கப்புலயே வெச்சுட்டு வந்துட்டேன், தெரிஞ்சா ஊரே கேக்கறமாதிரி கத்தும்னான். சொல்லமாட்டேன்டான்னேன். சத்தியமாவான்னு கேட்டான். சத்தியமான்னேன். அதுக்கப்புறம் பேசல."

பெர்னிஸ் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பிறகு மெல்லத் திரும்பினாள். வேலிக்கு அந்தப் பக்கம், வயலைத் தாண்டி, அந்தப் புல்வெளி இருக்கிற திசைக்கு.

"ஏன்டா!" என்றாள். அது வார்த்தையாகவே வரவில்லை, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்தது. "ஏன்டா போடல? எத்தனை தடவ சொன்னேன்! காலையில சொன்னேன், சாயங்காலம் சொன்னேன், போறப்ப வர்றப்ப சொன்னேன்! காதுல என்ன வெச்சிருந்த? தலையில மாட்டறதுக்கு எவ்ளோ நேரம்டா ஆகும்? உனக்கு என்னடா அவ்ளோ அவசரம்? தடிமாடு! சொன்ன பேச்சு கேட்டிருக்கியா ஒருநாளு! ஒருநாளு கேட்டிருக்கியா!"

ட்ரெய்லருக்குள் பன்றிகள் அடங்கிப்போயின. வீட்டு வாசலில் செலோவும் டார்லீனும் வெளியே வந்து நின்றார்கள். பெர்னிஸ் நிறுத்தவில்லை. கோட்டின் கைகள் பறக்க, முழங்கால்வரை வளர்ந்த புல்லுக்கு நடுவில் நின்றுகொண்டு, குரல் உடைகிறவரை பிள்ளையைத் திட்டினாள். உடைந்த பிறகும் திட்டினாள். எர்வின் அவளுக்குப் பக்கத்தில் போய், தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான், தானும் சேர்ந்து திட்டு வாங்குகிறவன்போல.